பாத்தியும் பஞ்சாயத்தும்

அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு, வேடசந்தூர்

 ஜெய் பீம்.

பண்டிதர் அயோத்திதாசர் பெயரில் நடக்கும் சொற்பொழிவுக்கு மருத்துவ ஆய்வைத் தலைப்பாக எடுத்தபோது மன்றத் தோழர்கள் சிலர் தயங்கினார்கள். இலக்கிய மேடையில் ஊசிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் என்ன வேலை என்று கேட்டார்கள். பண்டிதரைப் பத்திரிகையாளர் என்கிறோம், பௌத்தர் என்கிறோம், வரலாற்றைத் திருப்பிப் படித்தவர் என்கிறோம். அவர் ஒரு சித்த மருத்துவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறோம். மருந்து கொடுத்த அதே கைதான் 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் எழுதியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாம் எந்தப் பெயரில் பதிவாக வேண்டும் என்பதற்காக அவர் விடாமல் வாதாடினார். நம்மைப் பற்றி எழுதப்படும் பதிவில் நம் சொல் இருக்க வேண்டும் என்பதே அந்த வாதத்தின் சாரம். அவர் அதைக் கணக்கெடுப்பிடம் கேட்டார். நாங்கள் இன்று அதையே மருத்துவ ஆய்வைப் பார்த்துக் கேட்க வந்திருக்கிறோம்.

புகையிலைப் பாத்தி

வேடசந்தூருக்கு 'ஆராய்ச்சி' என்ற சொல் புதிதல்ல. இங்கே 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திண்டுக்கல் சுருட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் ஏற்ற ரகங்களைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. ஆராய்ச்சி நிலத்தில் எப்படி வேலை நடக்கும் என்பது விவசாயக் கூலிகளான நம் மக்களுக்குத் தெரியும். நிலத்தைச் சம அளவுப் பாத்திகளாகப் பிரிப்பார்கள். சில பாத்திகளுக்குப் புதிய உரம் போடுவார்கள், சிலவற்றை வழக்கம்போல விட்டுவிடுவார்கள். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல முடிவு செய்வார்கள். அறுவடையில் இரண்டையும் எடை போட்டு ஒப்பிடுவார்கள். ஒன்றும் போடாமல் விட்ட பாத்தி இல்லையென்றால் உரம் வேலை செய்ததா, மழை வேலை செய்ததா என்று சொல்ல முடியாது.

இந்த முறைக்கு இலக்கணம் எழுதியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1920களில் அதை வகுத்தார். அங்கிருந்து அது மருத்துவத்துக்குப் போனது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து பலன் தருகிறதா என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வின் முடிவு வெளியானதும் 1948-இல்தான், நம்மூர் நிலையம் தொடங்கிய அதே ஆண்டு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மருந்தும் மறு பகுதிக்குப் படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்தார்கள். மருந்து தட்டுப்பாடாக இருந்த காலம் அது. ஆனாலும் ஓய்வு மட்டும் பெற்ற நோயாளிகளுக்கு, தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை.

புகையிலைப் பாத்தியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. அதே முறை மனிதர்களிடம் வந்தபோது, கேட்க வேண்டும் என்ற வழக்கம் கூடவே வரவில்லை. அது பின்னால், பல உயிர்கள் போனபிறகு வந்தது. அந்தக் கேட்கும் வழக்கத்துக்கு இன்றுள்ள சட்டப் பெயர்தான் நெறிமுறைக் குழு. மருத்துவமனைகளில் 'எத்திக்ஸ் கமிட்டி' என்பார்கள்.

சென்னை 1956, செங்கல்பட்டு 1968

நாங்கள் ஆராய்ச்சிக்கு எதிரிகள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கான சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து தொடங்கியது அது. அந்தக் காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியம், அதாவது நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. ஏழைக்கு இதில் எதுவும் கிடையாது. மையத்தார் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பகுதியினர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள். இரண்டு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. மாத்திரை கிடைத்தால் குடிசையிலும் பிழைக்கலாம் என்று காட்டியவர்கள் சென்னையின் ஏழைகள். இதை நாம் பெருமையோடு சொல்லலாம்.

அடுத்தது செங்கல்பட்டு. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று அறிய 1968-இல் அந்த மாவட்டத்தின் கிராமங்களில் மிகப் பெரிய ஆய்வு தொடங்கியது. 2,80,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு வெறும் மருந்தில்லா ஊசி என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அறிவியலுக்கு அது முக்கியமான முடிவு, இன்றும் உலகப் பாடப்புத்தகங்களில் செங்கல்பட்டின் பெயர் இருக்கிறது. ஆனால் அன்று இந்தியாவில் மனித ஆய்வுக்கென்று எழுதப்பட்ட தேசிய நெறிமுறை எதுவும் இல்லை. முதல் அறிக்கையே 1980-இல்தான் வந்தது.

திண்டுக்கல் 2000

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். இந்தக் கூட்டத்தில் இருக்கும் பெண்களில் சிலரோ அவர்களின் தாய்மாரோ இந்த ஆய்வின் எண்ணிக்கைக்குள் இருக்கக்கூடும். அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறோம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏழைப் பெண்களின் நோய். இளவயதுத் திருமணம், அடுத்தடுத்த பிரசவம், கழிப்பறையும் தண்ணீரும் இல்லாத வாழ்க்கை, வெள்ளைப்படுதலை வெளியில் சொல்லக் கூச்சம், சொன்னாலும் கூட்டிப்போக ஆளில்லாத நிலை எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கின்றன. கிருமி தொற்றி, புற்றாக முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பார்த்துவிட்டால் எளிதில் காப்பாற்றலாம். பணக்கார நாடுகளில் 'பாப் ஸ்மியர்' பரிசோதனை பல பத்தாண்டுகளாக அதைச் செய்துவந்தது. அதற்கு ஆய்வகமும் பயிற்சி பெற்ற நிபுணர்களும் வேண்டும். நம் கிராமங்களில் இரண்டும் இல்லை. ஆகவே மலிவான வழி ஒன்றைச் சோதிக்க நினைத்தார்கள். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, சமையலறை வினிகர் போன்றதை, தடவினால் மாற்றம் கண்ட இடம் வெளுக்கும். பயிற்சி பெற்ற நர்சு வெறும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம் திண்டுக்கல் மாவட்டம். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகியவை இதில் இருந்தன. நிதி கேட்ஸ் அறக்கட்டளையுடையது. மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கலில் 57 பகுதிகளுக்குப் பரிசோதனை விழுந்தது. மீதி 57 பகுதிகள் வழக்கம்போல விடப்பட்டன. இங்கே பாத்தி என்பது ஒரு பெண் அல்ல, ஒரு முழு ஊர்.

பரிசோதனை கிடைத்த பகுதிகளில் 30 முதல் 59 வயதுள்ள பெண்கள் 49,311 பேர். அவர்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். மாற்றம் இருந்தவர்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. விடப்பட்ட பகுதிகளில் அதே வயதுப் பெண்கள் 30,958 பேர். 2006 வரை எண்ணினார்கள். பரிசோதனைப் பகுதியில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 83 பேர். விடப்பட்ட பகுதியில் 92 பேர், அதுவும் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்த தொகையில். நோய் வருவது 25 விழுக்காடும் சாவு 35 விழுக்காடும் குறைந்தது என்று 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

இந்த முடிவால் விளைந்த நன்மையை மறைக்கக்கூடாது. 2007-இல் தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் இந்த வினிகர்ப் பரிசோதனையை முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் கொண்டுபோனது. 2016-இல் மத்திய அரசு வகுத்த திட்டமும் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதே பரிசோதனையைச் சொல்கிறது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பெண் ஐந்து நிமிடத்தில் பரிசோதனை முடித்துப் போகிறாள் என்றால், அதற்குள் திண்டுக்கல் மாவட்டத்து எண்பதாயிரம் பெண்களின் உடல் இருக்கிறது. அந்த 92 பேரும் இருக்கிறார்கள்.

'வழக்கம்போல' என்ற சொல்

இந்த ஆய்வையும், இதேபோல மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் நடந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துக் கேள்வி எழுப்பியவர் எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர். மூன்று ஆய்வுகளிலும் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் குறைந்தது 254 பேர் இந்த நோயால் இறந்தார்கள் என்று 2014-இல் இந்திய மருத்துவ நெறிமுறை இதழில் அவர் எழுதினார். பரிசோதனை உயிரைக் காக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம், தெரிந்ததை நிரூபிக்க ஏன் ஒரு பகுதிப் பெண்களைச் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் கேள்வி. மும்பை ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணம் வந்திருந்ததால் அந்நாட்டின் மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம் அதை விசாரித்தது. பெண்களுக்குத் தரப்பட்ட விளக்கம் போதாது என்று 2012-இல் சொன்னது. திண்டுக்கல்லுக்கு வந்தது தனியார் அறக்கட்டளைப் பணம். ஆகவே அந்த விசாரணை நம் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆய்வாளர்கள் தரப்பின் பதிலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்று இந்தியாவில் அரசுப் பரிசோதனைத் திட்டமே கிடையாது. விடப்பட்ட பெண்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, அவர்களுக்கு வழக்கமாக என்ன கிடைத்ததோ அது தொடர்ந்து கிடைத்தது. பாப் ஸ்மியர் இங்கே நடைமுறைக்கு வராது, மலிவான வழி உயிரைக் காக்கும் என்று எண்ணிக்கையோடு காட்டினால்தான் அரசு அசையும் என்றார்கள். அரசு அசைந்தது என்பதும் உண்மை.

எங்கள் வழக்கு அந்த 'வழக்கமாக' என்ற சொல்லோடுதான். சேரிப் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமை இயற்கையாக வந்ததல்ல. ஊரையும் சேரியையும் பிரித்த கைகள், துணை சுகாதார நிலையத்தை ஊருக்குள் கட்டிய கைகள், நூற்றாண்டுகளாகச் செய்துவைத்தது அது. பள்ளிக்கூடத்தில் தனிப் பானை வைத்ததும் வழக்கம்தான், டீக்கடையில் தனிக் குவளை வைத்ததும் வழக்கம்தான். அநீதியை 'வழக்கம்' என்று எழுதிவிட்டால் அது ஆய்வின் ஒப்பீட்டு அளவுகோலாகிவிடுகிறது. புதிய சிகிச்சையை இருப்பதிலேயே சிறந்ததோடு ஒப்பிட வேண்டும் என்று ஹெல்சிங்கி பிரகடனம் 2000-இல் திருத்தி எழுதப்பட்டபோது சொன்னது. நம் மாவட்டத்தில் ஆய்வு தொடங்கியதும் அதே ஆண்டுதான். 'இருப்பதிலேயே சிறந்தது' எங்கே இருப்பது, உலகத்திலா, நம் தெருவிலா என்ற சண்டை இன்றும் முடியவில்லை.

யார் கையெழுத்து

இரண்டாவது வழக்கு ஒப்புதலைப் பற்றியது. ஊரையே பாத்தியாக எடுக்கும் ஆய்வில் ஊருக்காக யார் சம்மதம் சொல்வது? இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் பஞ்சாயத்துத் தலைவரையோ ஊர்ப் பெரியவர்களையோ பார்த்துப் பேசித்தான் உள்ளே வருவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பஞ்சாயத்து என்பது ஒரு வட்டம், ஒரு மக்கள்தொகை. நமக்கு அது அப்படி இல்லை.

1997 ஜூன் 30-இல் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கான தண்டனை அது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகளில் 1996 முதல் 2006 வரை தேர்தலை முறையாக நடக்கவே விடவில்லை. எல்லாம் பக்கத்து மதுரை மாவட்டம். திண்டுக்கல் ஆய்வு நடந்த ஆண்டுகளும் இவைதான். அந்த ஆண்டுகளில் ஒரு பஞ்சாயத்தின் 'சரி' என்பது சேரியின் 'சரி' ஆகுமா? அருந்ததியர் தெருவின் 'சரி' ஆகுமா? இந்தக் கேள்விக்கு உலக அளவில் பதில் எழுதப்பட்டது 2012-இல். கூட்டமாக எடுத்து நடத்தும் ஆய்வுகளுக்கான ஒட்டாவா அறிக்கை, ஊர்த்தலைவர் போன்ற 'வாயில்காப்போர்' அனுமதி தரலாம், தனி மனிதருக்குப் பதிலாக ஒப்புதல் தர முடியாது என்றது. நம் மாவட்டத்தில் எண்ணி முடித்து ஆறு ஆண்டுகள் கழித்து வந்த வாக்கியம் இது.

வாயில்காப்போர் என்ன செய்வார்கள் என்பதற்குக் கம்மம் சாட்சி. 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டத்தை 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பு நடத்தியது. கம்மத்தில் பலர் பழங்குடிச் சிறுமிகள், விடுதி மாணவிகள். ஏழு சிறுமிகள் இறந்தபிறகு 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் படிவங்களைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ஆந்திராவில் பார்த்த 9,543 படிவங்களில் 2,763 படிவங்களில் பெற்றோர் கையெழுத்து இல்லை, விடுதி வார்டன் கையெழுத்து இருந்தது. 1,948 படிவங்களில் கைநாட்டு. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்ட் அறிக்கையில் இந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

வார்டன் கையெழுத்து என்றதும் நமக்குப் பஞ்சாலை விடுதி நினைவுக்கு வரும். வேடசந்தூரைச் சுற்றி மில்களுக்குக் குறைவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மில் விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண்பிள்ளைகள் எங்களிடம் சொன்னார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள் என்று. யார் வந்தது என்று கேட்டோம். "தெரியலக்கா, டாக்டர் மாதிரி இருந்தாங்க" என்றாள் ஒருத்தி. எதற்கு என்று கேட்டோம். "உடம்புல ரத்தம் இருக்கான்னு பார்க்கன்னு வார்டன் அம்மா சொன்னாங்க." முடிவு என்ன ஆனது என்று கேட்டோம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது சிகிச்சை முகாமா, ஆய்வா என்று இன்றுவரை எங்களுக்கும் தெரியாது. முகாமாகவே இருந்தாலும், வேறுபாடு தெரியாத நிலையில் அந்தப் பிள்ளைகள் கையை நீட்டினார்கள்.

குழு எப்படி வந்தது

மனிதரிடம் கேட்க வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? நாஜி மருத்துவர்கள் வதைமுகாம்களில் கைதிகள்மீது நடத்திய சோதனைகளை விசாரித்த நீதிமன்றம் 1947-இல் நியூரம்பெர்க் விதிகளை வகுத்தது. தானாக முன்வந்து தரும் ஒப்புதல் கட்டாயம் என்பது அதன் முதல் விதி. 1964-இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை ஏற்றது. ஆனாலும் அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932-இல் தொடங்கிய ஆய்வு நடந்துகொண்டேதான் இருந்தது. மேகநோய் இருந்த 399 கறுப்பின ஏழை விவசாயிகளுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று நாற்பது ஆண்டுகள் பார்த்தார்கள். பென்சிலின் வந்தபிறகும் தரவில்லை. 1972-இல் அது செய்தித்தாளில் வெளிவந்தது. அதே 1972-இல்தான் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது. பெயரைக் கறுப்பினத் தோழர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அவர்களுடைய டஸ்கிகீயிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடத்தை எடுக்காமல் விட்டுவிட்டோம்.

ஏனென்றால் நம் நாட்டிலும் அப்படி ஒன்று அப்போது தொடங்கவிருந்தது. 1976 முதல் 1988 வரை டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிறுவனம் ஒன்று, கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சிகிச்சை தராமல் கண்காணித்தது. எத்தனை பேருக்குப் புற்றாக மாறுகிறது என்று பார்ப்பது நோக்கம். 1997-இல் இது வெளியானபோது, வாய்மொழியாகச் சம்மதம் வாங்கினோம் என்றார்கள். 2000-இல் கவுன்சில் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. 2006-லும் 2017-லும் அவை திருத்தப்பட்டன. ஸ்வஸ்த்ய அதிகார் மஞ்ச் 2012-இல் தொடுத்த வழக்கில் மருந்துச் சோதனைகளின் நிலையை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2013-இல் நெறிமுறைக் குழுக்கள் பதிவு செய்வது கட்டாயமானது. 2019-இல் புதிய மருந்துகள், மருந்துச் சோதனை விதிகள் வந்தன. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ சிலருடைய உடல் இருக்கிறது.

பாமரர் நாற்காலி

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த மருத்துவ, உடல்நல ஆய்வும் தொடங்குவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும். ரத்தம் எடுப்பது மட்டுமல்ல, கேள்வித்தாளும் அதில் சேரும். ஆய்வுத் திட்டம், பங்கேற்பவருக்கு அவர் மொழியில் தரும் விளக்கத்தாள், ஒப்புதல் படிவம், ஆபத்து என்ன, இழப்பீடு என்ன, பணம் யாருடையது என்பதையெல்லாம் குழு படிக்க வேண்டும். ஏற்கலாம், திருத்தச் சொல்லலாம், மறுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். சிறுபிள்ளை என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் சிகிச்சையை நிறுத்தக்கூடாது. மருந்துச் சோதனையில் கடுமையான பாதிப்பு நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

2019 விதிகளின்படி குழுவில் குறைந்தது ஏழு பேர். பாதிப் பேராவது அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும், தலைவரும் வெளியார்தான். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பாமரர் இருந்தாக வேண்டும். மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவர் அங்கே உட்கார்ந்து, 'இந்தத் தாளைப் படித்தால் எங்கள் ஊர் அத்தைக்குப் புரியுமா?' என்று கேட்பதற்காகத்தான் அந்தப் பாமரர் நாற்காலி.

அதில் யார் உட்காருகிறார்கள்? தலித் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதி எதிலும் இல்லை. கூட்டம் நகரத்தில், வேலை நாளில், பெரும்பாலும் ஆங்கிலத் தாள்களோடு நடக்கும். ஓய்வு பெற்ற அதிகாரியோ ஆசிரியரோ நிர்வாகத்துக்குத் தெரிந்தவரோதான் பெரும்பாலும் வந்து சேர்வார். ஆய்வில் உடம்பைக் கொடுப்பவர் சேரியில் இருக்கிறார், அவருக்காகப் பேச வேண்டிய நாற்காலி வேறொரு தெருவுக்குப் போய்விடுகிறது. நாம் இதுவரை பஞ்சாயத்து நாற்காலிக்குப் போராடினோம், கோயில் வாசலுக்குப் போராடினோம். இப்படி ஒரு நாற்காலி இருப்பதே நமக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது யார் தவறு என்பதை விட்டுவிட்டு, தெரிந்தபிறகு என்ன செய்கிறோம் என்று பார்ப்போம்.

எங்கள் பங்கு

இதில் நாங்கள் சுத்தமானவர்கள் அல்ல. சமூகவியல் முதுகலை படித்தபோது எங்களில் சிலர் இந்த வட்டத்துக் காலனிகளில் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனோம். எத்தனை பிரசவம், எத்தனை பிள்ளைகள் தங்கவில்லை, வீட்டுக்காரர் குடிப்பாரா, அடிப்பாரா என்று கேட்டு எழுதினோம். நம்ம பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஒப்புதல் படிவம் என்ற ஒன்று இருப்பதாகவே எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு வீட்டில் ஓர் அம்மாச்சி கடைசியாகக் கேட்டார்: "எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போறீங்களே கண்ணு, திரும்பி வந்து என்ன ஏதுன்னு சொல்வீங்களா?" சொல்வோம் என்றோம். ஆய்வேட்டுக்கு மதிப்பெண் வந்தது, பட்டமும் வந்தது. திரும்பிப் போகவில்லை. நம் சாதிக்காரர் கேட்டாலும் கேட்பது கேட்பதுதான், எடுத்துக்கொண்டு போவது எடுத்துக்கொண்டு போவதுதான் என்பது புரிய எங்களுக்கு வெகுநாள் ஆனது. அந்த அம்மாச்சி இப்போது இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் திண்டுக்கல் ஆய்வைப் பார்த்தும் கேட்கிறோம். 'லான்செட்' இதழுக்குச் சொன்னதை நம் தெருவில் யார் வந்து சொன்னது? வேடசந்தூரில் நாங்கள் பேசிப்பார்த்த எந்த வயதான பெண்ணும், இந்த மாவட்டத்துப் பெண்களால் உலகத்துக்கு ஒரு பரிசோதனை கிடைத்தது என்பதை அறிந்திருக்கவில்லை.

ஆகவே நான்கு கோரிக்கைகளை இந்த மேடையில் வைக்கிறோம். ஒன்று, திண்டுக்கல்லில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதிலும் மாவட்டத்தில் ஆய்வு செய்யும் எந்த நிறுவனத்திலும் நெறிமுறைக் குழுவின் பாமரர் நாற்காலியில் தலித் பெண் ஒருவர் உட்கார வேண்டும். கூட்டத் தாள்கள் தமிழில் தரப்பட வேண்டும், அன்றைய கூலியும் பயணச் செலவும் தரப்பட வேண்டும். இரண்டு, ஊரையே எடுத்து நடத்தும் ஆய்வு என்றால் பஞ்சாயத்து அலுவலகத்தோடு நிற்காமல் சேரியில் தனிக்கூட்டம் போட்டு விளக்க வேண்டும், அதன்பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வார்டனும் மேஸ்திரியும் யாருக்காகவும் கையெழுத்துப் போடக்கூடாது. மூன்று, முடிவு எந்த மொழியில் அச்சானாலும் எடுத்த தெருவுக்குத் தமிழில் திரும்பி வர வேண்டும். நான்கு, 2000-இல் விடப்பட்ட அந்த 57 பகுதிகள் எவை என்று அறிவித்து, அங்கே பரிசோதனை இன்று எல்லாப் பெண்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று அரசு கணக்குக் காட்ட வேண்டும்.

மன்றத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை வெள்ளைக் கோட்டோ கேள்வித்தாளோ நம் தெருவுக்கு வந்தால் ஐந்து கேள்விகள் கேட்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். இது சிகிச்சையா, ஆய்வா? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? பணம் யாருடையது? எனக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? திரும்பி வந்து சொல்வீர்களா? இவற்றைக் கேட்க மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. கேட்டபிறகு பதில் நேர்மையாக இருந்தால், 1956-இல் சென்னை ஏழைகள் கொடுத்ததுபோல நாமும் மனமுவந்து கை நீட்டலாம். அந்தக் கொடை நம்முடையது என்று பதிவில் எழுதச் சொல்லலாம்.



ஜெய் பீம்.